மனாதோவிலிருந்து நான்கு அட்டைகள்

பாட்டுக்கு என் குரல் ஒத்துவராது. ஆனால் எழுத்தைப் படித்துக் காட்டினால் கேட்கிறவர்கள் கைவேலையை நிறுத்திவிடுவார்கள். எந்தா, நீ கேட்டாய் என்று சொல்கிறேன், உன் சித்தி சுகேசி அப்படித்தான் கேட்பாள். புரை விழுந்து அவளுக்குப் பார்வை போன பிறகு, வந்த தபால் அட்டைகளையெல்லாம் நான்தான் படித்துக் காட்டினேன்.

எங்கள் குரோன்சோங் பாட்டு ரசிகர் கூட்டத்தில் ஏழு பேர். ஞாயிறு மதியம் சோலோ ஊரில் உன் சித்தி வீட்டில் கூடி இசைத்தட்டைப் போட்டுவிட்டு, புல்லாங்குழல் எந்த இடத்தில் பிசகியது என்று சண்டை போடுவோம். ஏழாவது ஆள் விர்யோனோ. பாத்திக் துணி மூட்டையோடு கப்பல் ஏறித் தீவு தீவாகப் போகிறவர். போன ஊரில் யார் பாடினார்கள், யார் சொதப்பினார்கள் என்று எழுதி எங்களுக்கு ஆளுக்கொரு அட்டை போடுவார். என் அட்டையில் பாட்டு மட்டும் இருக்கும். சுகேசியுடையதில் கடைசி வரி வேறு மாதிரி இருக்கும்.

முதலில் அவளுக்கென்றே எழுதிய அந்தக் கடைசி வரியை மட்டும்தான் படிக்காமல் விட்டேன். நிம்மதியாக இருக்கிறவளை எதற்குக் கலங்கடிக்க வேண்டும்?

அவள் சொல்லச் சொல்லப் பதிலும் நான்தான் எழுதினேன்.

“அடுத்த தடவை வந்தா, கூட்டத்துக்கு முந்தின நாளே தனியா என் வீட்டுக்கு வரச் சொல்லுடி தார்மி.”

“எதுக்குக்கா?”

“நாப்பத்தெட்டு வயசுல எதுக்குன்னு உனக்குப் பாடிக் காட்டணுமா? எழுதுடி.”

நான் மழையைப் பற்றி எழுதினேன். கையெழுத்தை அவளே தடவித் தடவிப் போட்டாள்.

மனாதோ தீவுக்குப் போன இடத்தில் விர்யோனோ நோயில் படுத்துவிட்டார். முதல் அட்டையில் காய்ச்சல். இரண்டாவதில் கால் வீக்கம். மூன்றாவது வந்த அன்று சுகேசி மரவள்ளி பொரித்து வைத்திருந்தாள். ‘சொந்த மனுஷர் யாரையாவது வரச் சொல் என்கிறார் டாக்டர். எனக்கு நீதான். தனியாக வர உன்னால் முடியாது, தார்மியைக் கூட்டிக்கொண்டு வா’ என்று எழுதியிருந்தார். சுரபாயாவிலிருந்து செவ்வாய்க்கிழமை கப்பல் இருந்தது.

“மனாதோவுல ஒரு குழுவாம்க்கா. கிட்டார்காரனுக்குக் கம்பி அறுந்துபோய், மிச்ச அஞ்சுலயே பாட்டை முடிச்சானாம்.”

முழங்காலில் தட்டிச் சிரித்தாள். பிறகு கேட்டாள்: “நான் எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்கலியா?”

“கேக்கலக்கா.”

நான்காவது வேறு கையெழுத்தில் வந்தது. ஆஸ்பத்திரி ஆயா எழுதியது. கடைசிவரை கப்பல் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். அதையும் மடக்காமல் கசக்காமல் அவள் கையிலேயே கொடுத்தேன். அவளுடைய அட்டை, அவளிடம்தானே இருக்க வேண்டும். மற்றவர்களிடம், அவர் வியாபாரத்தை மாற்றிக்கொண்டார், இனி எழுதமாட்டார் என்று சொல்லிவிட்டேன். சுகேசி மனம் நோகும், அவள் எதிரில் அவர் பேச்சை எடுக்காதீர்கள் என்றும் சொன்னேன். நல்ல மனுஷர்கள், எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் கடைத்தெருவில் நானே அட்டை வாங்கினேன். அவள் தடவிப் பார்ப்பாள் என்பதால் தபால்தலை ஒட்டினேன். தெர்னாத்தே, அம்போன் என்று ஊர்ஊராக அவரைப் போகவைத்தேன். கண்ணை அறுத்துச் சரிபண்ணலாம் என்று டாக்டர் சொன்னபோது, இருக்கிற கொஞ்ச வெளிச்சமும் போய்விடும் என்று தடுத்தவளும் நான்தான். நீ வந்து அவளை ஆபரேஷனுக்குக் கூட்டிப்போவாய் என்று நினைக்கவில்லை.

கட்டு அவிழ்த்த அன்றே, அட்டைகளைப் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டப்பாவைக் கேட்டாளாமே. அந்த நான்கையும், எழுத்தே இல்லாத பதினோரு அட்டைகளையும் பார்த்திருப்பாள்.

அவர் மேல் எனக்கு ஆசையா என்று கேட்கிறாய். இல்லை. அவர் அவளைக் கட்டிக்கொண்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று எனக்கு இருந்திருக்காது. அவர் என்னையும் சேர்த்துத்தான் கூப்பிட்டார். அதையும் படித்தேன். புரிந்துதான் படித்தேன். அவரை யாருமில்லாமல் சாகவிட்டது நான்.

ஆனால் அந்த இரண்டு வருஷம் அவள் சிரித்த சிரிப்பு பொய்யில்லை. பார்வை வந்தும் கண்ணைத் திறக்கமாட்டேன் என்று மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்கிறாயே, நான் வந்து ஏதாவது படித்துக் காட்டட்டுமா?