செட்டிங் கத்துக்க ஒரு ஆள்

சின்னு: அண்ணி, மெஷின் கதவைச் சாத்தாம பச்சைப் பட்டனை அழுத்தினா அது ஓடாது. நாள் பூரா அழுத்தினாலும் ஓடாது.

அண்ணி: அதானா? நான் என்னைப் பிடிக்கலையோன்னு நெனச்சுட்டேன்.

சின்னு: மெஷினுக்குப் பிடிச்சது பிடிக்காததெல்லாம் கிடையாது. கதவு சாத்தியிருந்தா ஓடும். இல்லைன்னா ஓடாது.

அண்ணி: நல்ல குணம்தான். நம்ம வீட்ல ரெண்டு பேருக்காவது இது இருந்திருக்கலாம்.

சின்னு: ஆரம்பிச்சுட்டீங்களா… சரி, கையைக் காட்டுங்க.

அண்ணி: நகமெல்லாம் வெட்டியாச்சு டீச்சர்.

சின்னு: விளையாடாதீங்க. வளையல், வாட்ச், மோதிரம் ஒண்ணும் இருக்கக் கூடாது. சுத்துற சாமான்ல மாட்டிச்சுன்னா விரலோட போயிடும்.

அண்ணி: வெறுங்கைதான். நல்லாப் பாத்துக்கோ.

சின்னு: மோதிரம்… நீங்க பாத்திரம் தேய்க்கும்போதுகூடக் கழட்ட மாட்டீங்களே?

அண்ணி: நீதானே விரலோட போயிடும்னே.

சின்னு: இப்பத்தானே சொன்னேன்!

அண்ணி: சொல்லுவேன்னு தெரியும். அடுத்தது என்ன, சொல்லு சின்னு.

சின்னு: ஐயோ, மெதுவா! இங்க யாருக்கும் அந்தப் பேர் தெரியாது. மானத்தை வாங்காதீங்க.

அண்ணி: பின்னே உன்னை என்னன்னு கூப்பிடறாங்க?

சின்னு: நாலாவது மெஷின் மேடம்.

அண்ணி: அடேங்கப்பா. அப்ப நான் அஞ்சாவது மெஷின் மேடமா?

சின்னு: நீங்க அஞ்சாவது மெஷின். அவ்வளவுதான். மேடம் ஆகறதுக்கு நாளாகும்.

அண்ணி: சரிங்க மேடம்.

சின்னு: இதோ பாருங்க. இந்தத் துண்டுக்குப் பேரு ஜாப். கால் கிட்ட ஒரு பெடல் இருக்கு பாருங்க, அதை மிதிச்சா துண்டைப் பிடிக்கற இந்தச் சக் வாயைத் திறக்கும். ஜாப்பை உள்ளே வெச்சு, கடைசி வரைக்கும் தள்ளி, திரும்ப மிதிச்சா கவ்விக்கும்.

அண்ணி: கவ்விக்கும்னா… கையை?

சின்னு: கையை எடுத்துட்டு மிதிக்கணும் அண்ணி.

அண்ணி: அதையும் சேர்த்துச் சொல்லிடு. எனக்கு இன்னிக்குத்தான் முதல் நாள்.

சின்னு: வெக்கறதுக்கு முன்னால இந்தக் காத்துக் குழாயால சக்கோட வாயை ஊதணும். உள்ளே ஒரு இரும்புச் சுருள் இருந்தாக்கூட ஜாப் கோணலா உக்காந்துடும். ஒவ்வொரு தடவையும் ஊதணும். மறக்கவே கூடாது.

அண்ணி: ஊதணும், வெக்கணும், தள்ளணும், கையை எடுக்கணும், மிதிக்கணும், கதவு, பச்சை.

சின்னு: பரவால்லையே!

அண்ணி: செருப்புக் கடையில ஒரே நேரத்துல மூணு குடும்பத்தை உக்கார வெச்சு ஜோடி மாறாம எடுத்துக் கொடுத்தவ நான். காலைப் பாத்தே ஏழா எட்டான்னு சொல்லிடுவேன்.

சின்னு: அதான் பயமா இருக்கு. இங்க பாத்துச் சொல்ற வேலையே கிடையாது. அளந்து சொல்ற வேலை. இதைப் பிடிங்க, மைக்ரோமீட்டர்.

அண்ணி: கனமா இருக்கே.

சின்னு: ஜாப்பை நடுவுல விட்டுத் திருகுங்க… இறுக்காதீங்க! ஊறுகாய் பாட்டில் மூடியா அது? கடைசியில இருக்கற குமிழைத் திருகுங்க. டிக் டிக்னு சத்தம் வரும். அதோட நிறுத்திடுங்க.

அண்ணி: டிக்… டிக். எவ்வளவு காட்டுது? கோடு கோடா இருக்கு, கண்ணைக் கட்டுது.

சின்னு: நாப்பதுக்கு மேல ரெண்டு கோடு. ரெண்டு வரைக்கும் பாஸ். மூணுன்னா தூக்கிப் போட்டுடணும்.

அண்ணி: ஒரு கோடுன்னா எவ்வளவு இருக்கும்?

சின்னு: உங்க தலைமுடி இருக்கில்ல, அதுல பல பங்குல ஒரு பங்கு.

அண்ணி: அதுக்காகத் தூக்கிப் போடறதா? கண்ணுக்கே தெரியாதேடி.

சின்னு: கண்ணுக்குத் தெரியாது. மாட்டற இடத்துல தெரிஞ்சிடும்.

அண்ணி: …ம். மூணு வந்தா என்ன பண்ணணும்? தூக்கிப் போட்டுட்டே இருக்கறதா?

சின்னு: வெட்டற டூல் தேஞ்சுபோச்சுன்னு அர்த்தம். டூல் எவ்வளவு தள்ளி வெட்டணும்னு மெஷின்ல ஆஃப்செட்னு ஒரு கணக்கு இருக்கு, அதுல நம்பரை மாத்தணும். அது உங்க வேலை இல்ல, மெஷினை செட் பண்ற செட்டரைக் கூப்பிடணும்.

அண்ணி: உனக்குத் தெரியுமில்ல?

சின்னு: தெரியும்.

அண்ணி: அப்ப எனக்கும் காட்டு.

சின்னு: உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்? கடை மூடிட்டாங்க, சும்மா உக்கார முடியலைன்னு வந்தீங்க. அண்ணன் வர்ற வரைக்கும்தானே? வெச்சு எடுக்கத் தெரிஞ்சாப் போதும்.

அண்ணி: உங்க அண்ணன் எப்ப வர்றாராம்?

சின்னு: உங்ககிட்ட சொல்லியிருப்பானே…

அண்ணி: உன்கிட்ட என்ன சொன்னார்னு கேட்டேன்.

சின்னு: என்கிட்டயா… லீவு கேட்டிருக்கேன், அந்தக் காண்ட்ராக்ட் முடிஞ்சதும் கிளம்பிடுவேன்னான். வந்தா இனி திரும்பப் போறதில்லைன்னும் சொன்னான்.

அண்ணி: என்கிட்டயும் அதேதான் சொன்னார். வார்த்தை மாறாம.

சின்னு: பாத்தீங்களா.

அண்ணி: பாத்தேன். சரி, நான் ஓட்டிப் பாக்கட்டுமா?

சின்னு: ஓட்டுங்க. என் மெஷின்ல ஜாப் முடிஞ்சிருச்சு, லைட் எரியுது. நான் மாத்திட்டு வந்துடறேன். ஏதாச்சும்னா, மெஷினை நிறுத்த இந்தச் செவப்புக் குமிழ். யோசிக்காதீங்க, ஒரே குத்து.

அண்ணி: நீ போ. நான் பாத்துக்கறேன்.

சின்னு: தொப்பி! முடியை உள்ளே தள்ளுங்க!

அண்ணி: தள்ளிட்டேன் தாயே, போ.

சின்னு: …அண்ணி! என்ன அது, நின்னு போச்சு? அண்ணி!

அண்ணி: நான்தான் குத்தினேன்.

சின்னு: ஏன்?

அண்ணி: சத்தம் மாறிச்சு. முதல் மூணு ஜாப்பும் துணி கிழியற மாதிரி சீரா கேட்டுச்சு. இது கடகடன்னு… எனக்குப் பிடிக்கல.

சூப்பர்வைசர்: யாரு நிறுத்தினது?

சின்னு: நான்தான் சார்.

அண்ணி: இல்லீங்க, நான்தான்.

சூப்பர்வைசர்: ரெண்டு பேரும் சேர்ந்து குத்துற அளவுக்கு அந்தக் குமிழ் பெரிசில்லையே.

அண்ணி: நான்தாங்க. அவ அவளோட மெஷின்ல இருந்தா.

சூப்பர்வைசர்: கதவைத் திறங்க. டார்ச் கொடும்மா… ம். பாருங்க, சக்குக்கும் ஜாப்புக்கும் நடுவுல சுருள். ஊதினீங்களா?

அண்ணி: முதல் மூணுக்கு ஊதினேன். இதுக்கு… ஊதலை.

சூப்பர்வைசர்: ஏன்?

அண்ணி: வேகமா பண்ணிடலாம்னு பாத்தேன்.

சூப்பர்வைசர்: வேகம் மெஷினோட வேலை. உங்க வேலை ஊதறது.

சின்னு: சார், முதல் நாள் சார்…

சூப்பர்வைசர்: முதல் நாள்தான் பலபேர் பயந்துக்கிட்டு கதவுக்கு வெளியே நின்னு பாத்துட்டே இருப்பாங்க, டூல் ஒடியற வரைக்கும். இவங்க குத்திட்டாங்க. அதனால டூல் பொழச்சுது, ஜாப் மட்டும் போச்சு. அதை அந்தச் செவப்புப் பெட்டியில போடுங்கம்மா.

அண்ணி: சரிங்க.

சூப்பர்வைசர்: மெஷினை நான் திரும்ப ஓட வெச்சுத் தரேன். அதுக்குள்ள ஒரு விஷயம். எனக்கு செட்டிங் கத்துக்க ஒரு ஆள் வேணும். டூல் மாத்தறது, ஆஃப்செட் போடறது எல்லாம். கத்துக் கொடுக்க மாசக்கணக்குல ஆகும். கத்துக்கிட்டு ஓடிப்போறவங்களுக்குச் சொல்லிக்கொடுத்து எனக்குத் தொண்டை வத்திப்போச்சு. இவங்க என்னவோ கொஞ்ச நாளைக்குத்தான்னு நீதானே சொன்னே?

சின்னு: ஆமா சார். அவங்க வீட்டுக்காரர் வெளியூர்ல இருக்காரு, வந்துடுவாரு. அதுவரைக்கும்…

அண்ணி: நான் இருப்பேங்க.

சூப்பர்வைசர்: எது?

அண்ணி: கொஞ்ச நாளைக்கெல்லாம் இல்ல. நான் இருப்பேன். எனக்குச் சொல்லிக் கொடுங்க.

சின்னு: அண்ணி!

சூப்பர்வைசர்: ஒரே வீட்டுக்காரங்க, ரெண்டு பதில். இதோ பாருங்க, டீ பிரேக் முடியறதுக்குள்ள ரெண்டு பேரும் பேசி ஒரு பதிலாக் கொண்டு வாங்க. இவங்க இல்லைன்னா ஏழாவது மெஷின்ல இருக்கறவனுக்குச் சொல்லிக் கொடுக்கப் போறேன். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது.

அண்ணி: நிக்க மாட்டோங்க.

சின்னு: …என்ன அண்ணி இது? அவர் முன்னால என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்க.

அண்ணி: கை கழுவிட்டு வா. அந்த மூலையில உக்காருவோம், அங்க சத்தம் கம்மி.

சின்னு: டீ வேணாமா?

அண்ணி: நீ குடி. எனக்கு இந்த எண்ணெய் வாசனை இன்னும் தொண்டையிலயே நிக்குது.

சின்னு: பழகிடும். வீட்டுக்குப் போனாலும் போகாது. என் வீட்டுக்காரர் என் பக்கத்துல படுத்தா லேத்து பக்கத்துல படுத்த மாதிரி இருக்குங்கறார்.

அண்ணி: நீ என்ன சொன்னே?

சின்னு: சத்தம் போடாம ஓடுதேன்னு சந்தோஷப்படுங்கன்னேன்.

அண்ணி: நல்லா சொன்னே.

சின்னு: பேச்சை மாத்தாதீங்க. அண்ணன் வந்து இங்கேயே இருந்துட்டான்னா, நீங்க ஷிப்டு ஷிப்டா மாறி மாறி வேலைக்கு வருவீங்களா? அவன் விடுவானா? உங்க பொண்ணுக்குப் பரீட்சை வருது, அம்மாவுக்கு வேளா வேளைக்கு மாத்திரை கொடுக்கணும்…

அண்ணி: அத்தைக்கு மாத்திரை எடுத்து வெச்சுட்டுத்தான் வந்தேன். இருட்டினா எந்த டப்பா எதுன்னு தெரியறதில்லைன்னாங்க, மூடியில பெரிசா எழுதி ஒட்டியிருக்கேன். நான் வேலைக்கு வந்தா அவங்களை விட்டுடுவேன்னு நெனக்கறியா?

சின்னு: அப்படி நான் சொல்லலை.

அண்ணி: சொல்லலை. ஆனா பயம் அதுதானே?

சின்னு: …என் வீடு ஒத்தை ரூம் அண்ணி. அம்மாவை நான் எங்க வெச்சுக்கறது?

அண்ணி: உன்னை யாரும் வெச்சுக்கச் சொல்லலையே. அத்தை என்கூடத்தான். யார் வந்தாலும் சரி, வரலைன்னாலும் சரி.

சின்னு: வரலைன்னாலும்னா? ஏன் அப்படிப் பேசறீங்க? வருவான். கொஞ்சம் இழுத்தடிக்கிறான், அவ்வளவுதான். அவன் சின்ன வயசுலயிருந்தே அப்படித்தான். கடைக்கு அனுப்பினா சாயங்காலம்தான் வருவான்.

அண்ணி: சாயங்காலம் வந்துடுவாருல்ல?

சின்னு: …வந்துடுவான்.

அண்ணி: டீ ஆறுது, குடி.

சின்னு: எனக்கு வேணாம். அண்ணி, நான் அவர்கிட்ட போய் என்னதான் சொல்லட்டும்?

அண்ணி: உள்ளதைச் சொல்லு. எங்க அண்ணி இருப்பாங்க, சொல்லிக் கொடுங்கன்னு.

சின்னு: திடீர்னு எப்படி மாத்திச் சொல்றது? ஏன்னு கேட்டா?

அண்ணி: ஏன்னு அவர் கேக்க மாட்டார். அவருக்கு ஆள் வேணும். நீதான் கேக்கறே.

சின்னு: கேக்கத்தான் செய்வேன். போன மாசம் வரைக்கும், உங்க அண்ணன் வந்ததும் மாடியில ஒரு ரூம் போடணும், அவருக்குக் காத்தாட இருக்கும்னு சொல்லிட்டு இருந்தது யாரு? இப்ப செட்டிங் கத்துக்கணும், ஆஃப்செட் போடணும்ங்கறீங்க. நடுவுல என்ன ஆச்சு?

அண்ணி: ஒண்ணும் ஆகலை. ஒரு போன் போட்டேன்.

சின்னு: யாருக்கு?

அண்ணி: உங்க அண்ணனுக்குத்தான். எப்பவும் அவர்தானே கூப்பிடுவார், ஞாயித்துக்கிழமை. அன்னிக்கு அத்தைக்கு மூச்சு வாங்குச்சு, டாக்டர் பழைய மருந்துச்சீட்டு விவரம் கேட்டார். அதோட போட்டோ உங்க அண்ணன் போன்ல இருக்குன்னு வேலை நாள்ல காலையிலேயே போட்டேன்.

சின்னு: …எடுத்தானா?

அண்ணி: ஒரு குழந்தை எடுத்துச்சு. ‘அப்பா குளிக்கிறாங்க, நீங்க யாரு’ன்னு கேட்டுச்சு.

சின்னு: ரூம்ல கூட இருக்கறவங்களோட குழந்தையா இருக்கும் அண்ணி… அங்க எல்லாரும் ஒண்ணாத்தானே…

அண்ணி: இருக்கலாம்னுதான் நானும் நெனச்சேன். அப்புறம் குளியல் ரூம்லயிருந்து, ‘யாருடா கண்ணு போன்ல’ன்னு ஒரு குரல். உங்க அண்ணன் குரல் எனக்குத் தெரியாதா?

சின்னு: …நீங்க என்ன சொன்னீங்க?

அண்ணி: ராங் நம்பர் கண்ணுன்னு சொல்லி வெச்சுட்டேன். பாவம், அது என்ன பண்ணும்.

சின்னு: அம்மாவுக்கு…

அண்ணி: அத்தைக்குத் தெரியாது. தெரிய வேண்டாம். டாக்டர்கிட்ட சீட்டு தொலைஞ்சுபோச்சுன்னுட்டேன்.

சின்னு: அண்ணி, நான்… என்னை நீங்க…

அண்ணி: நான் உன்னை ஒண்ணும் கேக்கலையே. பெல் அடிக்கப் போறான், எழுந்திரு. தொப்பியைப் போட்டுக்கோ.

சின்னு: போட்டுக்கறேன்.

அண்ணி: அந்தக் குழந்தை நல்லாப் பேசுது. வார்த்தை வார்த்தையா, தெளிவா. மூணு வயசு இருக்குமா?

சின்னு: …வர்ற மாசம் நாலு முடியுது அண்ணி.