மூன்றும் துப்பாக்கிச் சத்தமே

என் பெயர் சுகிர்தா. வயது 16. திருத்தங்கல் பள்ளிக்கூடத் தெருவில் என் அம்மா பொன்னுத்தங்கத்துடன் குடியிருந்து பிளஸ் ஒன் படித்து வருகிறேன். பட்டாசுக் கம்பெனி நடத்தும் சீனிவாசகம் என் அம்மாவின் அண்ணன்.

சென்ற வாரம் காலமான என் தாத்தா தவசிலிங்கம் முன்னாள் ராணுவ வீரர். அவர் உரிமத்துடன் பழைய ராணுவத் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். அதன் இரும்பில் 1943 என்று பொறித்திருக்கும். முதுமையில் கை நடுங்கியதால் அவர் உயிரோடு இருக்கும்போதே அதை அம்மா பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். ஆட்சேபம் இல்லை என்று மாமாவும் கையெழுத்திட்டார். ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே எடுக்கும் பொருள் என்று நினைத்துக் கையெழுத்திட்டதாகப் பின்னர் சொன்னார்.

தாத்தாவைச் சுடுகாட்டுக்கு எடுத்துச் சென்றபோது அம்மா துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் நடக்க, நானும் உடன் சென்றேன். எங்கள் வீட்டுப் பெண்கள் தெருமுனையில் நின்றுவிடுவது வழக்கம். நாங்கள் நிற்கவில்லை. சுடுகாட்டில் மாமாவின் கம்பெனி ஆட்கள் சரவெடி கொளுத்தி, இடமெல்லாம் புகையாக இருந்தபோது, அம்மா ஆளில்லாத கண்மாய்க் கரையைப் பார்த்து நின்று கரை மண்ணில் மூன்று முறை சுட்டார். வானத்தை நோக்கிச் சுடவில்லை. கம்பெனி ஃபோர்மேன் மணிகண்டராஜ், "யாரு கம்பெனி சரக்குய்யா இது, இம்புட்டுக் காரமா இருக்கு? சீசனுக்கு நாமளும் போடணும்" என்றார். பலர் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தவர் மாமா மட்டுமே.

மறுநாள் சாம்பல் அள்ளப் போனவர்கள் வெடிக் காகிதக் குப்பையில் இரண்டு தோட்டாக் கூடுகளைக் கண்டெடுத்து காவல் நிலையத்தில் கொடுத்துள்ளனர். அதன் பிறகு மாமா எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "யாரு கேட்டாலும் கம்பெனி வெடின்னு சொல்லிரு பிள்ளே. பொம்பள சுடுகாட்டுல துப்பாக்கி சுட்டான்னு ஊரு சிரிக்கணுமா?" என்றார்.

அதற்கு அம்மா, "பிறந்த நாளுக்கும் வெடி, எலெக்சனுக்கும் வெடி, நீங்க புதுக் கார் எடுத்தாலும் வெடி. பனிக்குள்ள காவல் நின்ன மனுசனுக்கும் அதே வெடிதானா அண்ணே?" என்றார்.

"லைசென்சு போயிரும், துப்பாக்கியும் போயிரும். நீயும் உள்ள போயிருவ தாயி."

"போறது போகட்டும். சுட்டது நான்."

கொண்டாட்டத்தில் துப்பாக்கி சுடுவது குற்றம் என்று நூலகத்தில் சட்டப் புத்தகம் எடுத்துப் படித்தேன். நாங்கள் எதையும் கொண்டாடவில்லை. அம்மா செய்தது குற்றமா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். கேட்டது என்ன சத்தம் என்பதை நான் சொல்கிறேன். வெடித்த பட்டாசு காகிதத்தை விட்டுச் செல்லும், பித்தளையை அல்ல. மூன்றாவது கூட்டைச் சூடு ஆறும் முன்பே எடுத்து வைத்திருந்தேன். அதை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். 'வெடி போன்ற சத்தம்' என்று எழுதியிருந்த இடத்தைத் 'துப்பாக்கிச் சத்தம்' என்று திருத்தச் சொன்னேன். திருத்தினார்கள். மற்றவை யாவும் நான் கண்டவை, கேட்டவை. யாரும் சொல்லிக் கொடுத்தவை அல்ல. போலீசாரிடம் கொடுக்கும் வாக்குமூலத்துக்குக் கையெழுத்து தேவையில்லை என்று பெண் சார்பு ஆய்வாளர் கூறினார்.

நானே பேனா கேட்டு வாங்கிப் போடுகிறேன்.

(ஒப்பம்) சுகிர்தா
தவசிலிங்கத்தின் பேத்தி