பெட்டி பிரிக்காத ஒரிஜினல்

பழைய காரைப் பிரிப்பது சுலபம் ஐயா. மாட்டி முடித்த பிறகு மேஜையில் மிஞ்சிக் கிடக்கும் இரண்டு நட்டு எங்கே போக வேண்டியவை என்பதுதான் தூக்கத்தைக் கெடுக்கும். எனக்கும் என் சகலைக்கும் இந்த ஒரே பைத்தியம். அடுத்தடுத்த வீடு, ஆளுக்கொரு ஷெட், ஒரே மாடல் கார்.

அவன் வண்டியில் எல்லாம் ஒரிஜினல். கதவுப் பிடி ஒரிஜினல், சீட்டுக்குள் இருக்கும் நார் ஒரிஜினல். விட்டால், டயருக்குள் இருப்பது அந்தக் காலத்துக் காற்று என்பான். நான் எது ஓடுமோ அதைப் போடுகிறவன். இன்ஜின் ஒரு வண்டியுடையது, கதவு இன்னொன்றுடையது, பிரேக் புது வண்டியுடையது.

போன கண்காட்சியில் கூட்டத்துக்கு நடுவே என் பானெட்டைத் தட்டிக் கேட்டான்: “சகலை, இது காரா, கூட்டணி ஆட்சியா? எப்பக் கவிழும்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “அத்தான் மாதிரி பேச உங்களுக்கு வராதுங்க” என்றாள். திரும்பும்போது அவன் வண்டியில் வந்தாள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் அவன் வண்டிதான். அவள் அக்கா, அதாவது அவன் மனைவி, அதில் ஏறுவதை எப்போதோ விட்டுவிட்டாள். வண்டியைத் துடைக்கிற புண்ணியமே போதும் என்பாள்.

அவனுக்குப் பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய் ஒன்று தேவைப்பட்டது. புதிது எந்தக் கடையிலும் கிடைக்கும். ஒரிஜினல் இல்லையே, வாங்க மாட்டான். நான் பழைய சாமான் கடைகளில் அலைந்து, பெட்டிகூடப் பிரிக்காத ஒன்றைக் கண்டுபிடித்தேன். அதற்கு எங்கள் வயது இருக்கும். பிரித்து வளைத்துப் பார்த்தேன். குதிகால் வெடிப்பு மாதிரி வாய் பிளந்தது. கறுப்புப் பாலிஷ் போட்டுத் துடைத்து, பெட்டியை மறுபடி ஒட்டிக் கொடுத்தேன். பரிசென்றால் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும்.

“தெய்வம்யா நீ, சகலை” என்று கட்டிக்கொண்டான்.

அவனேதான் மாட்டினான். நான் ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை. அந்தக் காலத்து வண்டியில் ஒரு குழாய் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. அது அவனுக்கும் தெரியும்.

ஞாயிறு காலை என் மனைவி வாசலில் நின்று, “அத்தான் மலைப்பாதை வரைக்கும் கூப்பிடறாருங்க, போயிட்டு வந்துடறேன்” என்றாள். ஏறாதே என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்பாள். குழாய் இற்றுப்போனது என்றால், வயிற்றெரிச்சலில் சொல்கிறேன் என்று இரண்டு பேரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை.

“கண்ணாடிய ஏத்திக்கோ, காத்து அடிக்கும்” என்றேன்.

இறக்கத்தில் வண்டி நிற்கவில்லை. அவன் ஒரு கால் முறிவோடு தப்பினான். பாறையில் மோதியது அவள் உட்கார்ந்திருந்த பக்கம்.

நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தது அதற்காக இல்லை ஐயா. அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, “நான்தான் சரியா முடுக்கல, நானே கொன்னுட்டேன்” என்று அழுகிறானாம். எல்லோரும் அவனுக்குப் பரிந்து பேசுகிறார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள்கூட என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவனைப் பார்க்க ஓடினார்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். அவன் ஒழுங்காகத்தான் முடுக்கியிருந்தான். தேடியது நான், பாலிஷ் போட்டது நான், வாசலில் வாயை மூடிக்கொண்டு நின்றது நான். வேறு எவனுடைய பாகமும் சேராமல் நான் செய்த ஒரே ஒரிஜினல் வேலை இது. இதிலும் அவன் பெயரைப் போட்டுவிடாதீர்கள்.