வெப்பப் பெட்டி காத்த தலைவிக்கு, காலி நாற்காலிகளின் நடுவே

அன்பும் அறிவும் அடங்காச் சினமும் ஒருங்கே அமைந்த எங்கள் ஆய்வுக்கூடத் தலைவியே! பட்டங்கள் பல பெற்றும் எங்கள் வாயில் ‘வெதுவெது டாக்டரம்மா’ என்றே வாழும் பெருந்தகையே! வணக்கம்.

பாராட்டு மடலில் தேன் ஒழுக வேண்டும் என்பார்கள். எங்களுக்கோ வயிறு எரிகிறது. அரங்கில் நாற்காலிகள் காலியாகக் கிடப்பதைக் கண்டு முன்வரிசையில் இயக்குநர் ஐயா புன்னகைப்பார் என்பதும் தெரியும். நாற்காலிகள் காலியான காரணத்தைக் கடைசியில் சொல்கிறோம்.

இரத்தப் புற்றணு கள்ளத்தனம் கற்றது. அடையாளத்தைப் படித்துப் பார்த்தே தாக்கும் காவலணுக்களை ஏய்க்க, அந்த அடையாளத்தையே கழற்றி எறிந்துவிட்டு உடம்பெங்கும் உலவும். அப்படி அடையாளமின்றி அலைபவனை நின்ற இடத்தில் மடக்கும் அணுவும் நம் இரத்தத்திலேயே உண்டு. இயற்கைக் கொல்லி என்று அதற்குப் பெயர். நோயாளியிடம் அது சோர்ந்து கிடக்கும் என்பதால், உற்றாரிடம் பெற்று, வெப்பப் பெட்டியில் வைத்து உறங்காமல் பேணி, நோயாளிக்கு ஏற்றுவதையே இருபத்தாறு ஆண்டுகள் தவமாய்ச் செய்தீர்கள். எல்லாரும் பிழைப்பார்கள் என்று ஒருநாளும் பொய் சொன்னதில்லை. பிழைத்தவர்களோ இன்றும் தங்களைப் பார்க்க வருகிறார்கள்.

மருத்துவக் குழு கூடிக் கையெழுத்திடும்வரை அந்த அணுக்களை உறைபனியில் போடச் சொன்னது யார்? உருகிய கையோடு ஏற்றச் சொன்னது யார்? “குளிர்ல விறைச்சுக் கிடந்தவனை எழுப்பின உடனே சண்டைக்கு அனுப்பினா என்ன பண்ணுவான்? ஒரு ராத்திரி வெதுவெதுன்னு கிடக்கட்டும்யா” என்று தலைதலையாய் அடித்துக்கொண்டீர்கள். “அதான் உயிரோட இருக்கே, எண்ணிப் பார்த்தாச்சு” என்றார் இயக்குநர் ஐயா. ஏற்றினார்கள், பலிக்கவில்லை. உடனே, இவ்வணுக்கள் இரத்தப் புற்றுக்கு உதவா என்று அறிக்கை வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இப்போது தங்கள் ஓய்வோடு நம் ஆய்வுப் பிரிவையும் மூடுகிறார்களாம். விழா முடிந்ததும் வெப்பப் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்களாம். தையற்கார அக்கா தன் மகளுக்காக நேற்றுக் கொடுத்த அணுக்கள், உறைபனியைக் காணாமல், தங்கள் முறைப்படி இரவெல்லாம் தெம்பேறி அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. மருத்துவக் குழுவே ஒப்புதல் தந்த சிகிச்சை இது. மேல்மாடியில் அந்தச் சிறுமி கையில் ஏற்றிய ஊசியோடு காத்திருக்கிறாள். “டாக்டரம்மா வருவாங்கல்ல?” என்று காலையில் கேட்டாள். வருவாங்க என்று சொல்லிவிட்டோம். மூடுவதற்கு இன்று ஒரு பொழுது பொறுக்கக் கூடாதா? அப்படி என்ன தலைபோகிற அவசரம்? நினைக்க நினைக்க ஆறவில்லை.

தாங்கள் நோயின்றி நெடுநாள் வாழ்க! மீதி வாழ்த்தை வேலை முடிந்தபின் சொல்கிறோம். கையில் தந்த பரிசுப் பொட்டலத்தில் இருப்பது, காலையில் நிர்வாகம் திரும்ப வாங்கிக்கொண்ட தங்கள் வெள்ளைக் கோட்டுதான். போட்டுக்கொண்டு வாருங்கள்.

இங்ஙனம்,
இதை வாசிப்பவர் ஒருவர் நீங்கலாக,
வெப்பப் பெட்டியின் சுவிட்சை மறைத்துக்கொண்டு
இப்போது வரிசையாக நிற்கும்
தங்கள் பணியாளர்கள் அனைவரும்.