இரண்டாம் எண் தாடை

பாஷா, உங்கள் போலீஸ் ஸ்டேஷன் தேநீர் நன்றாகவே இருக்கிறது. புதினா மட்டும் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம். எழுதிக்கொள்ளுங்கள். இன்றைக்கு எனக்கு மனசு துள்ளிக்கொண்டிருக்கிறது, வேகமாகப் பேசினால் நிறுத்துங்கள்.

என் பெயர் ரமீஸ். கைத்தொழில் தெரிந்தவன் என்பதால் எல்லோரும் உஸ்தா என்பார்கள். அலெக்சாண்டிரியா துறைமுகத்தை ஒட்டிய பழைய இரும்புச் சந்தையில் லேத் உறுப்புகளை வாங்கிச் சீர்செய்கிறவன். துருப்பிடித்த கட்டி ஒன்றைக் கொடுங்கள். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளைத் தூரிகையால் தேய்த்து, அது எந்த இயந்திரத்துக்குப் பிறந்தது என்று சொல்லிவிடுவேன்.

போன குளிர்காலத்தில் ஒரு சக் கிடைத்தது. லேத்தில் வேலைத்துண்டைக் கவ்விக்கொண்டு சுழலும் வட்டக் கை அது. மூன்று தாடைகளில் ஒன்றாம் எண்ணும் மூன்றாம் எண்ணும்தான் இருந்தன. ஒரே செட்டாகப் பிறந்தவை. வேறு தாடையைச் சொருகினால் வேலைத்துண்டு தள்ளாடும். இரண்டாம் எண்ணைத் தேடி அலைந்தேன். கடைசியில் பார்த்தால், பக்கத்துச் சந்தில் லேத் பட்டறை வைத்திருந்த என் சிநேகிதன் ஷவ்கி அதை வைத்துப் பாதாம் உடைத்துக்கொண்டிருக்கிறான்.

“அது என் சக்கோட பல்லுய்யா, குடுத்துடு.”

“உன் சக்கு பொக்கை வாயோட அழகாத்தான இருக்கு, உஸ்தா. இதுல உடைச்சாத்தான் பருப்பு நசுங்காம வருது.”

“நல்ல சுத்தியலா நாலு தர்றேன்.”

“நாப்பது தந்தாலும் நீ கெஞ்சுற மூஞ்சியப் பாக்குற சுகம் வருமா? இந்தா, பாதாம் தின்னு.”

தின்றேன். கோபமெல்லாம் இல்லை.

அந்த வாரமே அவன் தன் லேத்துக்கு வேகமான புது மோட்டார் மாட்டிவிட்டுப் பெரிய சக் ஒன்று கேட்டான். என்னிடம் ஒரு வார்ப்பிரும்பு சக் இருந்தது. கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினேன். மணிபோல் ஒலிக்க வேண்டியது, ஓட்டைப் பானைபோல் ஒலித்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவினேன். சற்று நேரத்தில் வெள்ளைப் பொடியின்மேல் ஈரக்கோடு ஒன்று மயிரிழையாக எழுந்து, விளிம்பிலிருந்து நடுத்துளைவரை ஓடிவந்தது. அவ்வளவு அழகான விரிசல். நான் கைதட்டிவிட்டேன்.

அதன்மேல் ஈயத்தைத் தேய்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, அன்பளிப்பாகவே கொடுத்தேன். ஷவ்கி என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான்.

ஒரு மதியம் அது சுழலும்போதே சிதறியது. அவன் நின்ற இடத்திலேயே போய்விட்டான். குழிக்குள் இறங்கி அவனைப் படுக்க வைத்ததும் நான்தான். துக்கப் பந்தலில் சர்க்கரையில்லாக் காபி பரிமாறியதும் நான்தான்.

“அண்ணே, அவர் நெனப்பா எதையாச்சும் எடுத்துக்குங்க” என்றாள் அவன் மனைவி நவால்.

“பெருசா எதுக்கும்மா? அந்தப் பாதாம் உடைக்கிற இரும்பு போதும்.”

என் ஆசை இவ்வளவு சின்னதா என்று அவள் அழுதுவிட்டாள்.

நேற்று அதைப் பூட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. சாவியைத் திருகத் திருக, மூன்று தாடைகளும் ஒரே நேரத்தில் நடுவில் வந்து முத்தமிட்டுக்கொண்டன. இடையில் மூச்சுக் காற்றுகூட நுழையாது. பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினேன், பாஷா, இந்த வயதில்.

என்னை யாரும் தேடவில்லை. நானாக வந்ததற்குக் காரணம் வேறு. காலையில் சந்தைக்குப் போனால், காதுபடவே பேசுகிறார்கள்.

“ரமீஸ் உஸ்தாவுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சு, பாவம். இவ்வளவு பெரிய விரிசல் தெரியல பாரு.”

உங்கள் அறிக்கையிலும் அப்படித்தானாம்: சீர்செய்தவர் விரிசலைக் கவனிக்கத் தவறிவிட்டார்.

அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். நான் கவனித்தேன். உடைந்த துண்டுகளைத் திருப்பிப் பாருங்கள், விரிசலுக்குள் என் சாக்பீஸ் பொடி இன்னும் இருக்கும். இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாமல் ஒரு பழுதுகூட என் கையைத் தாண்டி வெளியே போனதில்லை. மனிதனுக்கு நாணயம் என்று ஒன்று வேண்டாமா?