அண்ணனுக்கு இரண்டு பெயர்

"பஹபல்லா! பஹபல்லா!"

சிங்களத்தில் இறங்கச் சொல்லிக் கத்துகிறார்கள். பஸ் நிற்கிறது. கொழும்பு வெள்ளவத்தை. 1983 ஆடி 25. திங்கட்கிழமை. முன் கண்ணாடி உடைகிறது. பிறகு பக்கத்துக் கண்ணாடிகள், ஒன்றன்பின் ஒன்றாக. தகரத்தில் இரும்புக் கம்பி விழுகிற சத்தம். டயர் எரிகிற மணம். எனக்குப் பக்கத்தில் அண்ணன். நாங்கள் மன்னார்க்காரர். கொழும்பில் ஒரே கடையில் வேலை.

கம்பி வைத்திருந்தவனுக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது. அதுதான் கேடு. அடையாள அட்டை கேட்டான். என்னுடையதில் பிரான்சிஸ் பெர்னாண்டோ. பார்த்தான். திருப்பித் தந்தான். மரியாதையாகத் தந்தான். தூ! அவன் மரியாதையை நாய்க்குப் போட.

பெர்னாண்டோ எங்கள் கரையில் போர்த்துக்கேயப் பாதிரி ஞானஸ்நானத் தண்ணீரோடு தெளித்துவிட்டுப் போன பெயர். மன்னாரிலும் உண்டு. நீர்கொழும்பிலும் உண்டு. தமிழனும் வைத்திருக்கிறான், சிங்களவனும் வைத்திருக்கிறான். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. அடிமைப் பெயராம். அன்ரன் பெர்னாண்டோ, தனித்தமிழில் இளஞ்சேரன் ஆனான். அட்டையில் மட்டும் மாற்றினான். பிறப்புச் சான்றிதழை மாற்ற மாவட்ட அலுவலகமான கச்சேரிக்கு அலைய வேண்டும். அவனுக்கு எதற்கும் பொறுமை இருந்ததில்லை.

என் அண்ணன், என் சொந்த அண்ணன் என்று சிங்களத்தில் கத்துகிறேன். கம்பிக்காரன் என் அட்டையைத் திரும்ப வாங்கி, அண்ணனுடையதோடு சேர்த்துப் பிடித்துப் பார்க்கிறான். அண்ணன் என்றால் ஏன் வேறு பெயர் என்று கேட்கிறான். சுற்றி நின்றவர்கள் சிரிக்கிறார்கள். பெரிய பகிடி கேட்டதுபோலச் சிரிக்கிறார்கள்.

"பிரான்சிஸ்! ஓடடா! நிக்காத, ஓடு!"

அண்ணனின் கடைசிச் சொல் அது. ஒரு சிங்களக் கிழவர் என் சட்டைக் கொலரைப் பிடித்துத் தன் வீட்டுப் படலைக்குள் இழுத்துப் போட்டார். வெளியே தீப்பற்றுகிற சத்தம் கேட்டது. ஈரத் துணியை உதறினால் வருமே, அந்தச் சத்தம். ஒரு தரம்தான். இப்போதும் ஆரும் துணி உதறினால் நான் எழும்பி வெளியே போய்விடுவேன்.

1987. ஓக்லண்ட். மங்கரேயில் விமானச் சரக்குக் கொட்டகை. பெட்டி தூக்குகிறேன். என்னோடு பெட்டி தூக்குகிற கிழவன் லித்துவேனியாக்காரன். பெயர் கவல்யாவ்ஸ்காஸ். மேற்பார்வையாளனுக்கு அது வாயில் நுழையாது. கெவ் என்று கூப்பிடுவான். எனக்குக் கவலை. "கவலை, அந்தப் பக்கம் பிடி" என்பேன். அர்த்தம் சொன்ன நாளிலிருந்து கிழவனுக்கு அந்தப் பெயரில் ஒரே புளுகம், வாயெல்லாம் சிரிப்பு.

சாப்பாட்டு நேரத்தில் அவன் தன் பெயரைப் பிரித்துக் காட்டினான். போலந்து மொழியில் கொவால் என்றால் கொல்லன். கோயில் பதிவை எழுதியவர்கள் போலந்து எழுத்தில் எழுதினார்கள். பெயர் கொவாலெவ்ஸ்கி ஆனது. லித்துவேனிய வாய் அதை மென்று கவல்யாவ்ஸ்காஸ் ஆக்கியது. பக்கத்து லாட்வியாவிலும் இதே கூத்துத்தானாம். ரஷ்ய இவனோவின் வாலில் ஒரு 'ஸ்' ஒட்டு, இவனோவ்ஸ், லாட்வியாக்காரன் தயார். அவன் மனைவியின் பெயர் வேறு மாதிரி முடியும். மகளின் பெயர் இன்னொரு மாதிரி முடியும். மூன்று பேரும் ஒரே வீட்டுக்காரர் என்று எந்தக் கந்தோருக்கும் விளங்குவதில்லையாம்.

அவனுக்கும் ஓர் அண்ணன். அந்த அண்ணனுக்கும் சொந்தப் பெயர் நாறியது. ஸ்லாவ் வாடையாம். தங்கள் மொழியில் கொல்லன் கல்விஸ். ஆகவே கல்வைட்டிஸ் ஆனான். போரில் இருவரையும் ஜெர்மனிக்குக் கூலி வேலைக்குப் பிடித்துப் போனார்கள். முகாம் வாசலில் ஒருத்தன் பெயர் பார்த்துப் பிரித்தான். கவல்யாவ்ஸ்காஸ் போலந்துக்காரர் கொட்டகைக்கு. கல்வைட்டிஸ் மற்றக் கொட்டகைக்கு. சகோதரர் என்று இருவரும் கத்தினார்கள். ஆர் கேட்டான்? 1945இல் குண்டு விழுந்தது. மற்றக் கொட்டகையில் விழுந்தது.

"வாசிக்கத் தெரிந்த மாடுகள்" என்றான் கவலை. ஓக்லண்டில் தன் நாட்டுக்காரர் கூட்டத்துக்கு ஒருதரம் போனானாம். நீ போலந்துக்காரனோ என்று கேட்டார்களாம். அவன் கோப்பையை வைத்துவிட்டு வந்தவன், பிறகு போகவேயில்லை.

நான் சிரித்தேன். எங்கள் ஆட்கள் அப்படி இல்லை என்றேன். எனக்கென்ன தெரியும்!

அந்த ஆடியில், ஓக்லண்டின் ரானுயியில், எங்கள் ஆட்களின் நினைவுக் கூட்டம். எண்பத்து மூன்றில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பதாக ஏற்பாடு. அம்மா அப்போது என்னோடு இருந்தா. ஒன்றே ஒன்று கேட்டா.

"நான் பெத்து வச்ச பேரையும் சேத்து வாசிக்கச் சொல்லு ராசா. மற்றது என்ர வாயில வருகுதில்லை."

கூட்டத்தின் செயலாளரிடம் போனேன். புலமைப்பரிசில் வாங்கி எழுபத்து நாலிலேயே பிளேன் ஏறியவர். டயர் எரிந்த மணத்தைப் பேப்பரில் வாசித்து அறிந்தவர். மாசி என்கிற புறநகரில் இரண்டு கராஜ் வீடு. என் பெயரைக் கேட்டதும் மூக்கைச் சுருக்கினார்.

"பெர்னாண்டோ சிங்களப் பேரெல்லோ? சனம் குழம்பும். இளஞ்சேரன் எண்டு மட்டும் வாசிப்பம். நீரும் பேரை மாத்தும் ஐசே, அப்பதான் மேடையில கதைக்கலாம்."

அவர் கையில் கம்பி இல்லை. பேனை இருந்தது. வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

கூட்டத்துக்குக் கவலைதான் தன் காரில் கூட்டிப் போனான். மழை. தகரக் கூரையில் மழைச் சத்தம். பின்வரிசையில் அம்மா நடுவில், நாங்கள் இரு பக்கமும். முன்வரிசையில் பட்டுச்சேலைகள். செயலாளர் வாசிக்கிறார். நல்ல குரல், அதை மறுக்கமாட்டேன். அம்மா கையில் செபமாலை. ஒவ்வொரு பெயருக்கும் தலையை ஆட்டுகிறா. இளஞ்சேரன் என்கிறார். அம்மா அதற்கும் தலையை ஆட்டுகிறா, ஆரோ பெற்ற பிள்ளைக்கு ஆட்டுகிற மாதிரி. வாசிப்பு முடிகிறது. எல்லாரும் எழும்புகிறார்கள்.

"அன்ரன்ர பேர் இன்னும் வரேல்லயோ?" என்று அம்மா கேட்கிறா.

நான் கதிரைமேல் ஏறினேன்.

"அன்ரன் பெர்னாண்டோ! அன்ரன் பெர்னாண்டோ!"

அமைதி என்று செயலாளர் கையைக் காட்டினார். பட்டுச்சேலைகள் திரும்பிப் பார்த்தன. கவலைக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. அவனும் எழும்பினான். தன் அண்ணன் பெயரைக் கத்தினான். இரண்டு பெயர்களையும் கத்தினான். எங்கள் மூன்று பேரையும் வெளியே போகச் சொன்னார்கள். போனோம். அம்மா மழையில் நின்று சிலுவை போட்டா.

இனி இழந்ததன் கணக்கு. கொழும்பில் ஒரு அறை. இரண்டு பெட்டி உடுப்பு. அண்ணனின் சைக்கிள். உடல் இல்லை, கல்லறை இல்லை. ஜெர்மனியில் கவலையின் அண்ணன் ஒருவன். அவனையும் சேர்க்கிறேன், மறுக்கிறவன் என் முன்னால் வந்து மறுக்கட்டும். என் அண்ணனுக்கு மரணச் சான்றிதழ் கேட்டு எழுதினோம். பதில் வந்தது. இளஞ்சேரன் என்று ஒருவர் பிறந்ததற்குப் பதிவு இல்லை. அன்ரன் பெர்னாண்டோ என்பவர் இறந்ததற்குப் பதிவு இல்லை. ஆகவே அரசாங்கக் கணக்கில் அந்த பஸ்ஸில் எங்கள் வீட்டில் ஒருவரும் சாகவில்லை. அம்மாவின் கணக்கில் ஒருவன்.