விதைநெல் ஏற்றிய லொறி

வெடிச்சத்தம். ஒன்று. கொஞ்சம் பொறுத்து இரண்டு.

"ஓடுங்கோ! களஞ்சியத்தடிக்கு ஓடுங்கோ!"

தெற்கே வீடுகள் எரிகின்றன. கூரைக் கிடுகு எரியும்போது படபடவென்று வெடிக்கும். ஒவ்வொரு தடவையும் துவக்குச் சத்தமென்று குனிகிறோம்.

1958 வைகாசி, இனக்கலவர நேரம். பின்னேரம் மூன்று மணி. வவுனியாவுக்குத் தெற்கே ஒரு குடியேற்றத் திட்டம். நான் அங்கே லொறிக் கிளீனர். ஐந்தாம் வகுப்போடு வீட்டை விட்டவன். ஊர் ஊராகக் கிடைத்த வேலை செய்தவன்.

களஞ்சிய வாசலில் ஒரே லொறி. சனம் நாற்பதுக்கு மேல். திட்டத்தை மேற்பார்க்கும் ஓவசியர் கணக்குக் கொப்பியோடு நிற்கிறார். காக்கிக் காற்சட்டை. கையில் துவக்கு இல்லை. தடிகூட இல்லை.

"முதல் விதைநெல். அரசாங்கச் சாமான். சனம் அடுத்த நடை."

சொன்னார். தூக்கினேன்.

"ஐயா, நெல்லுக்குத்தான் உயிரெண்டால் நாங்கள் என்ன உமியோ?" கந்தையா அண்ணை கேட்டார். திட்டத்துக்கு முதலில் வந்து காடு வெட்டியவர். சனம் சிரித்தது. அந்த நேரத்திலும் சிரித்தது. சிரித்த வாயோடு அவரே அடுத்த மூட்டைக்குத் தோள் கொடுத்தார்.

மூட்டைகளுக்கு மேலே இருபது பேர் குந்தலாம். நாகம்மாக்கா கைக்குழந்தையோடு லொறிச் சில்லில் கால் வைத்தா.

"தம்பி, பிள்ளையைப் பிடி. மேலை ஏறுறன்."

"விதைநெல்லை மிதிக்கிறதோ? இறங்கு!"

இறங்கினா. ஓவசியருக்குப் பயந்து மட்டுமல்ல. விதைநெல்லில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற சனம். பிறகு ஒருவரும் ஏறவில்லை. பிள்ளைக்கு நீட்டிய கையை நானும் இழுத்துக்கொண்டேன்.

"இதிலை நில்லுங்கோ. அசையக்கூடாது. லொறி திரும்பி வரும்." சொல்லிவிட்டு ஓவசியர் முன் சீற்றில் ஏறினார். நான் பின்கதவைக் கொளுவினேன். "ரைட்!" என்று தட்டினேன்.

மூட்டைகளை வவுனியாவில் இறக்க ஒரு மணித்தியாலம். திரும்பியபோது ஐந்தரை. சத்தமே இல்லை. சொல்லைக் கேட்காமல் காட்டுக்குள் ஓடியவர்கள் பிழைத்தார்கள். மற்றவர்கள் வாசலிலேயே கிடந்தார்கள்.

விசாரணையில் கேட்டார்கள். "ஓவசியர் சொன்னவர்" என்றேன். உண்மைதான். அவர் ஒருவரையும் தொடவில்லை, மிரட்டவில்லை. அதுவும் உண்மை. அதை நான் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

எரிந்த வீடுகள் பதினெட்டு. மாடுகளை ஒருவரும் எண்ணவில்லை. செத்தவர்கள் ஏழு பேர். நாலு பேரை எனக்கு முகம் மட்டும் தெரியும். கந்தையா அண்ணை. நாகம்மாக்கா. அவாவின் பிள்ளை. பிறந்த முப்பத்தொராம் நாள் சடங்குக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. பெயர் வைக்கவில்லை.